அத்தையின் மொய் நோட்டும் ஆஸ்கர் படமும்

படம் பார்த்து அழுதிருப்பீங்க. படம் பார்த்து பயந்திருப்பீங்க. டாக்குமென்டரி பார்த்து யாருக்காவது வியர்த்திருக்கா? எனக்கு வியர்த்தது. அதுவும் மார்கழி மாச ராத்திரியில!

படத்தின் பெயர் ‘இன்சைடு ஜாப்’. உள் ஆளே செய்த திருட்டு என்று அர்த்தம். 2008-ல் அமெரிக்கப் பொருளாதாரம் தலைகுப்புற விழுந்ததே, அது எப்படி விழுந்தது, யார் தள்ளிவிட்டார்கள் என்று சொல்கிற படம். சார்லஸ் ஃபெர்குசன் இயக்கி 2010-ல் வந்தது. 2011-ல் சிறந்த டாக்குமென்டரிக்கான ஆஸ்கர் வாங்கியது. பேய் கிடையாது, சண்டை கிடையாது. கோட்டு சூட்டு போட்டவர்கள் வரிசையாக வந்து உட்கார்ந்து பதில் சொல்வார்கள். பின்னணியில் மேட் டாமன் குரல். அவ்வளவுதான்.

அப்புறம் ஏன் வியர்த்ததுன்னு கேக்குறீங்களா? அதில் ஒரு ஆள் அப்படியே என்னை மாதிரி இருந்தான். ஏமாந்த ஆள் இல்லீங்க. ஏமாற்றின ஆள்.

இதை எழுதணுமா, வேணாமான்னு ரொம்ப நாள் யோசிச்சேன். உங்களில் யாராவது ஒருத்தர் இப்போ நான் அன்னிக்கு நின்ன இடத்தில் நிக்கலாம். உங்களுக்காகத்தான் எழுதறேன்.

முதல்ல எங்க ஊர்க் கதை. புதுக்கோட்டை மாவட்டத்துல கீரமங்கலம், வடகாடு பக்கம் ஆடி மாசம் வந்து பாருங்க. ரோடு முழுக்க ஃப்ளெக்ஸ் பேனர். கல்யாணமும் இல்லை, காதுகுத்தும் இல்லை. ‘மொய் விருந்து’! பத்துப் பதினஞ்சு குடும்பம் சேர்ந்து ஒரே பந்தல் போட்டு, கறி விருந்து வைப்பார்கள். சாப்பிட்டுக் கை கழுவிட்டு வந்தால் வரிசையாக மேஜை. ஒவ்வொரு மேஜையிலும் ஒரு குடும்பத்தின் பெயர், ஒரு பாத்திரம், ஒரு நோட்டு, எழுத ஒரு ஆள். நீங்க யாருக்கு மொய் செய்யணுமோ அந்த மேஜையில் பணத்தைக் கொடுத்து பெயர், ஊர் சொன்னால் எழுதிக்கொள்வார்கள். பெரிய விருந்துகளில் நோட்டு எண்ணும் மெஷினே வந்துடும். கோடியைத் தொட்ட வசூல் எல்லாம் பேப்பரில் வந்திருக்கு.

வெளியூர்க்காரங்க இதை அன்பளிப்புன்னு நினைச்சுக்குவாங்க. இல்லை, இது கடன். வட்டி இல்லாத, பத்திரம் இல்லாத, பேங்க் இல்லாத கடன். இன்னிக்கு நீங்க எனக்கு ஆயிரம் செஞ்சா, உங்க விருந்துக்கு நான் அந்த ஆயிரத்தோட, ‘புது நடை’ன்னு மேல ஐநூறோ ஆயிரமோ சேர்த்துச் செய்யணும். அந்த மேல் பணம் இப்போ நீங்க எனக்குத் திருப்ப வேண்டிய கடன். ஒருத்தர் ஒருமுறை விருந்து வைத்தால் அடுத்த முறைக்கு ஐந்து வருஷம் ஆகும். அதாவது, ஒரே நாளில் மொத்தமாக வாங்கிய பணத்தை ஐந்து வருஷத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புகிறீர்கள். போர் போட, பிள்ளையைப் படிக்க வைக்க, வீடு கட்ட... எங்க பக்கம் எத்தனையோ குடும்பம் இப்படித்தான் நிமிர்ந்தது.

எங்க அத்தையும் அப்படி நிமிரணும்னுதான் 2022 ஆடியில் மொய் விருந்து வெச்சாங்க. அவங்களுக்கு ஒரு ஏக்கர் சொச்சம் நிலம். 2018 நவம்பர் கஜா புயலில் தென்னை அத்தனையும் சாய்ந்துவிட்டது. அதற்குப் பிறகு மல்லிகையும் சம்பங்கியும் போட்டு, விடிய மூணு மணிக்கு எழுந்து பூப் பறிச்சு, கீரமங்கலம் பூ மார்க்கெட்டில் போட்டுத்தான் வண்டி ஓடியது. பழைய போரில் தண்ணி கீழே போய்விட்டது. புதுசா போர் போடணும். பன்னிரண்டு குடும்பம் சேர்ந்து வைத்த விருந்தில் அத்தை மேஜைக்கு 5 லட்சம் ரூபாய் கிட்ட விழுந்தது. கஜா சமயத்தில் வாங்கிய வட்டிக் கடனை 3 லட்சத்தில் அடைச்சாச்சு. மிச்சம் 2 லட்சம், போருக்கு. தை பிறந்ததும் போர் வண்டிக்குச் சொல்றதா ஏற்பாடு.

அந்த 2 லட்சத்தின் மேல் என் கண் விழுந்தது.

அப்போ நான் புதுக்கோட்டையில் பி.காம். செகண்ட் இயர். சீனியர் ஒருத்தர் ஒரு கம்பெனிக்குக் கூட்டிப் போனார். பெயர் வேண்டாம். ஏ.சி. ஹால், புரொஜெக்டர், டை கட்டின ஆளுங்க. லட்சம் ரூபாய் போட்டால் மாசம் 8,000 தருவாங்களாம். ஆள் சேர்த்துவிட்டால் லட்சத்துக்கு 3,000 கமிஷன். ‘உங்க பணம் எங்கே போகுது, எதுல இவ்வளவு லாபம் வருது?’ என்று நான் கேட்கவே இல்லை. வாசலில் ஊர்ப் பெரிய மனுஷங்க ரிப்பன் வெட்டுகிற ஃப்ளெக்ஸ் இருந்துச்சு. அது போதும்னு தோணுச்சு.

அத்தைகிட்ட போய் உட்கார்ந்தேன்.

“அத்தை, தை மாசம் வரைக்கும் அந்தப் பணம் பெட்டியில சும்மாதானே கிடக்கப் போவுது? இதுல போட்டா மாசம் 16,000. போர் செலவு போக மோட்டாருக்கும் ஆச்சு.”

“பணம் முங்கிப் போயிடாதே மருமவனே? இது ஊராம்பணம்டா.”

“நான் காமர்ஸ் படிக்கிறேன்த்தை. எனக்குத் தெரியாதா?”

இந்த ஒரு வரியை மட்டும் ஞாபகம் வெச்சுக்கங்க. திரும்ப வரும்.

புரட்டாசியில் பணம் போட்டாங்க. எனக்கு 6,000 ரூபாய் கமிஷன். அதில் ஒரு ஷூ வாங்கினேன். மிச்சத்துக்கு ஃப்ரெண்ட்ஸோட திருச்சி போய் பிரியாணி, சினிமா. முதல் மாசப் பணம் தீபாவளியை ஒட்டி வந்தது. அத்தை சந்தோஷத்தில் எனக்கு 500 ரூபாய் கொடுத்தாங்க. மூணு மாசம் வந்தது. மொத்தம் 48,000. தை பிறந்தது. பணம் வரலை. சீனியர் ஃபோன் சுவிட்ச்டு ஆஃப். ஆபீஸ் ஷட்டரில் பூட்டு. போனது 1,52,000 ரூபாய்.

ஆனா, மொய் நோட்டில் இருந்த நானூத்துச் சொச்சம் பெயர் எங்கேயும் போகலையே? அவங்க வீட்டு விருந்து பத்திரிகை ஒவ்வொண்ணா அத்தை வீட்டுக்கு வந்துகிட்டேதான் இருந்தது.

அத்தை என்னை ஒரு வார்த்தை திட்டலை. போலீஸ்ல புகார் கொடுக்கலாம்னு எங்க அப்பா சொன்னப்போ, நான்தான் ‘அதெல்லாம் வேஸ்ட்டுப்பா’ன்னு தட்டிக் கழிச்சேன். ஏன் தெரியுமா? புகாரில் ‘யார் மூலமாகச் சேர்ந்தீர்கள்?’ என்று கேட்பார்கள். என் பெயர் வரும். எல்லாரிடமும் ‘நானும் ஏமாந்துட்டேன்’னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். கொஞ்ச நாளில் நானே அதை நம்ப ஆரம்பிச்சேன். நான் என் பணம் ஒரு பைசா போடலை. ஏமாந்தவன் எப்படி ஆவேன்?

இப்படி ஒரு வருஷம் ஓடியது. இனி படம் பார்த்த கதை.

2023 டிசம்பர். ஃபைனல் இயரில் ‘2008 நிதி நெருக்கடி’ என்று ஒரு செமினார் டாபிக். என்னோடு சேர்ந்து செய்யவேண்டிய நண்பனுக்கு திருமயம் பக்கம் கோனாபட்டு. அவன் அப்பா அங்கே ஒரு செட்டியார் வீட்டைப் பார்த்துக்கொள்கிறார். வீட்டுக்காரர்கள் வெளிநாட்டில். நல்லது கெட்டதுக்கு மட்டும் வந்து போவார்கள். அந்த வீட்டு முகப்புத் திண்ணையில், தேக்குத் தூணில் சாய்ந்துகொண்டு, லேப்டாப்பில் படத்தைப் போட்டோம். இங்கிலீஷ் வேகமாக ஓடும்போது நிறுத்தி நிறுத்திப் பார்த்ததில் ஒண்ணே முக்கால் மணி நேரப் படம் முடிய நாலு மணி நேரம் ஆனது.

படம் சொல்வதை என் பாஷையில் சொல்றேன், கேளுங்க.

முன்பெல்லாம் அமெரிக்காவில் ஒருத்தர் வீடு வாங்கக் கடன் கேட்டால், கொடுக்கிற பேங்க் ஆளை ஏற இறங்கப் பார்க்கும். சம்பளம் என்ன, திருப்புவாரா, மாட்டாரா என்று விசாரிக்கும். ஏன்னா, இருபது முப்பது வருஷத்துக்கு அந்தக் கடன் அந்த பேங்க் தலையில்தான். பிறகு ஒரு புது வழி வந்தது. வீட்டுக் கடன் கொடுத்த கம்பெனி, அந்தக் கடன் பத்திரத்தை வால் ஸ்ட்ரீட்டில் இருக்கிற முதலீட்டு பேங்கிடம் விற்றுவிடும். அந்த பேங்க் இப்படி ஆயிரக்கணக்கான கடன்களை வாங்கி, ஒன்றாகப் போட்டுக் கலக்கி, கூறு போட்டு, உலகம் முழுக்க விற்றுவிடும். வாங்குகிறவர்களில் ஓய்வூதிய நிதிகளும் உண்டு. ரிட்டயர்டு வாத்தியார், நர்ஸ் பணம்!

யோசிச்சுப் பாருங்க. இப்போ கடன் வாங்கியவர் திருப்பாவிட்டால் யாருக்கு நஷ்டம்? கடன் கொடுத்த கம்பெனிக்கு இல்லை. அது எப்பவோ வித்துட்டுப் போயாச்சு. கலக்கி விற்ற பேங்குக்கும் இல்லை, அதற்கும் ஃபீஸ் வந்தாச்சு. அப்புறம் யார் ஆளை ஏற இறங்கப் பார்ப்பார்கள்? வருமானமே இல்லாதவருக்கும் கடன். வட்டி ஏறுகிற கடன். எவ்வளவு மோசமான கடனோ அவ்வளவு அதிக வட்டி, அவ்வளவு அதிக லாபம்.

இதில் தரம் பார்த்து முத்திரை குத்துகிறவர்கள் என்று சில கம்பெனிகள் உண்டு. ரேட்டிங் ஏஜென்சிகள். இந்தக் கலவைக்கு அவர்கள் கொடுத்த மார்க் ‘டிரிபிள் ஏ’. அப்போது அரசாங்கப் பத்திரத்துக்குக் கொடுத்த மார்க்! மார்க் போட காசு கொடுத்தது யார்? விற்கிற பேங்க்தான். எல்லாம் கவிழ்ந்த பிறகு நாடாளுமன்றக் குழு கூப்பிட்டு விசாரித்தபோது, ‘எங்க ரேட்டிங் வெறும் அபிப்பிராயம்தான்’ என்றார்கள். எனக்கு அந்த ரிப்பன் வெட்டின ஃப்ளெக்ஸ் ஞாபகம் வந்தது. நம்ம ஊரு டிரிபிள் ஏ அதுதான்!

வீட்டு விலை ஏறிக்கொண்டே இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் அத்தனையும் நின்றது. விலை இறங்கியது. 2008 செப்டம்பர் 15-ந் தேதி லேமன் பிரதர்ஸ் திவால். மறுநாளே ஏ.ஐ.ஜி. என்ற இன்ஷூரன்ஸ் கம்பெனியைக் காப்பாற்ற அமெரிக்க அரசு தரப்பில் 8,500 கோடி டாலர் கொடுக்க வேண்டியதாயிற்று. அங்கே வீடு இழந்த குடும்பங்கள் கூடாரத்தில். இங்கே திருப்பூரில் பனியன் ஆர்டர் குறைந்தது. ஐ.டி. கம்பெனிகள் ஆள் எடுப்பதைக் குறைத்தன. கேம்பஸ் இன்டர்வியூவை நம்பி அந்த வருஷம் படிப்பு முடித்த அண்ணன், அக்கா யாராவது உங்க வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்க, கதை கதையாகச் சொல்வார்கள்.

படத்தில் நம்ம ஆள் ஒருத்தரும் வருகிறார். ரகுராம் ராஜன். 2013-லிருந்து 2016 வரை நம்ம ரிசர்வ் பேங்க் கவர்னராக இருந்தாரே, அவரேதான். 2005-ல் அவர் சர்வதேச நிதியத்தின் தலைமைப் பொருளாதார நிபுணர். உலகத்து மத்திய வங்கித் தலைகள் எல்லாம் கூடிய ஒரு மாநாட்டில் ஒரு கட்டுரை வாசித்தார். சாராம்சம் ரொம்ப சிம்பிள். லாபம் காட்டினால் இன்றைக்கே கை நிறைய போனஸ். நாளைக்கு அதே வியாபாரத்தில் நஷ்டம் வந்தால் போனஸைத் திருப்பித் தரவேண்டியதில்லை. இப்படி ஒரு ஏற்பாடு இருந்தால் மனுஷன் எந்த ரிஸ்க்கையும் எடுப்பான், கடைசியில் மொத்த அமைப்பும் சரியும் என்றார். அங்கே இருந்த பெரிய பெரிய ஆட்கள் அவரை முன்னேற்றத்துக்கு எதிரானவர் என்கிற மாதிரி பேசினார்கள். மூணே வருஷம். அவர் சொன்னது நடந்தது.

இந்த இடத்தில்தான் எனக்கு வியர்க்க ஆரம்பித்தது. லாபம் வந்தால் என் கையில், நஷ்டம் வந்தால் வேற யார் தலையிலோ. 6,000 ரூபாய் கமிஷன்! ஷூ! திருச்சி பிரியாணி! அத்தை பணம் முங்கினப்போ அந்த 6,000-ஐ நான் திருப்பிக் கொடுத்தேனா? வால் ஸ்ட்ரீட்டுக்கும் எனக்கும் தொகையில்தான் வித்தியாசம்.

அதோட விட்டிருந்தாலும் பரவாயில்லை. படத்தின் பின்பாதியில் பேராசிரியர்கள் வருகிறார்கள். கேம்பஸில் இருக்கிற நாம எல்லாரும் பார்க்க வேண்டிய பகுதி அது. கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஃபிரெடரிக் மிஷ்கின், 2006-ல் ஐஸ்லாந்து நாட்டின் நிதி நிலைமை ஸ்திரமாக இருக்கிறது என்று ஒரு அறிக்கை எழுதினார். எழுதுவதற்கு ஐஸ்லாந்து வர்த்தக சபை அவருக்குக் கொடுத்தது 1,24,000 டாலர். 2008 அக்டோபரில் அந்த நாட்டின் மூன்று பெரிய பேங்குகளும் ஒரே வாரத்தில் கவிழ்ந்தன. பிறகு அவருடைய பயோடேட்டாவைப் பார்த்தால், அறிக்கையின் தலைப்பில் ‘ஸ்திரத்தன்மை’ என்று இருந்த இடத்தில் ‘ஸ்திரமின்மை’ என்று இருக்கிறது! இது என்ன என்று கேட்டால், அச்சுப் பிழையாக இருக்கும் என்கிற மாதிரி சமாளிக்கிறார். நண்பன் விழுந்து விழுந்து சிரிச்சான். எனக்குச் சிரிப்பு வரலை.

‘நான் காமர்ஸ் படிக்கிறேன்த்தை. எனக்குத் தெரியாதா?’

அத்தை நம்பியது அந்தக் கம்பெனியை இல்லைங்க. ஏ.சி. ஹாலை அவங்க பார்த்ததே இல்லை. அவங்க நம்பியது என் படிப்பை. அதைத்தான் நான் 6,000 ரூபாய்க்கு வித்தேன்.

ஒரு விஷயத்தையும் சொல்லிடணும். படம் வந்து கிளப்பிய சூட்டில் 2012-ல் அமெரிக்கப் பொருளாதாரச் சங்கம், தன் ஆய்விதழ்களில் எழுதுகிறவர்கள் யாரிடம் பணம் வாங்கினார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும் என்று விதியை இறுக்கியது. ஒரு டாக்குமென்டரியால் அவ்வளவாவது முடிந்தது. ஜெயில்? ஆஸ்கர் மேடையில் ஃபெர்குசன் முதல் வேலையாகச் சொன்னதே, மூன்று வருஷம் ஆகியும் ஒரு நிதி நிறுவனப் பெரிய தலைகூட உள்ளே போகவில்லை என்பதைத்தான்.

படம் முடிந்தபோது மணி ரெண்டு இருக்கும். நண்பனின் அப்பா சுக்குக் காபி கொண்டுவந்து கொடுத்தார். என்ன படம் என்று கேட்டார். நண்பன் சுருக்கமாகச் சொன்னான், வீட்டை அடமானம் வெச்சு ஊரே மூழ்கின கதை என்று. அவர் நாங்க சாய்ந்திருந்த தூணைத் தட்டிக் காட்டினார்.

“இதுவும் அந்தக் கதைதான் தம்பி. பர்மா தேக்கு. நிலத்தை அடமானம் புடிச்சுக் கடன் குடுத்தவுங்க வீடு.”

அதற்குப் பிறகு புதுக்கோட்டை ஞானாலயா நூலகத்திலும் நெட்டிலும் உட்கார்ந்து தேடினேன். பர்மாவில் இங்கிலீஷ்காரன் நெல் விளைய வைத்த காலத்தில், அங்கே விவசாயத்துக்குக் கடன் கொடுக்க பேங்க் கிடையாது. கொடுத்தது நம்ம செட்டிநாட்டு நகரத்தார்கள். கோனாபட்டு, ராயவரம், அரிமளம், நச்சாந்துபட்டி என்று நம்ம மாவட்டத்தில் நிற்கிற பெரிய வீடுகள் பலவற்றின் பின்னால் கடல் தாண்டிய பணம் இருக்கிறது. நிலத்தின் மேல் கடன். நெல் விலை நன்றாக இருக்கும்வரை எல்லாம் நன்றாகவே நடந்தது. 1930-களின் உலகப் பெருமந்தத்தில் நெல் விலை பாதிக்கும் கீழே போனது. விவசாயியால் கடனைத் திருப்ப முடியலை. நிலம் கைமாறியது. கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில், 1930-ல் 6 சதவிகித நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது. 1937-ல் 25 சதவிகிதம்!

கொடுத்தவர்களுக்கு நிலம் தேவைப்படவில்லை, பணம்தான் திரும்ப வேண்டும். இழந்தவனுக்கோ நிலம்தான் உயிர். அந்தக் கோபம் அங்கே பெரிசாக வளர்ந்தது. 1942-ல் ஜப்பான் படை வந்தது. ஏராளமான இந்தியர்கள் காடு மலை தாண்டி நடந்தே ஊர் திரும்பினார்கள். 1948-ல் பர்மா சுதந்திரம் வாங்கியதும் நில தேசியமயச் சட்டம் வந்தது. நிலமும் போச்சு. தேக்குத் தூண் மட்டும் இங்கே நிக்குது.

இதைப் படித்தபோது என் தியரி கொஞ்சம் ஆட்டம் கண்டது. ‘கடன் கொடுத்தவனே நஷ்டத்தையும் சுமந்தால் எல்லாம் சரியாகிடும்’னு நான் நினைச்சிருந்தேன். பர்மாவில் கடன் பத்திரத்தை யாரும் கூறு போட்டு விற்கவில்லை. கொடுத்தவர் பெட்டகத்தில்தான் இருந்தது. ஆனாலும் ரெண்டு பக்கமும் மூழ்கியது. ஏறின விலை இறங்கவே இறங்காதுன்னு நம்பி மலை மாதிரிக் கடன் சேர்ந்தால், நல்லவன் கெட்டவன் பார்க்காமல் எல்லாரையும் கொண்டுபோகும். ஒரு வித்தியாசம் மட்டும் இருக்கு. பர்மாவில் கொடுத்தவர்கள் கண்ணெதிரே தங்கள் பணமும் போனது. வால் ஸ்ட்ரீட்டில் மூழ்கடித்தவர்கள் பலர் போனஸோடு கரை ஏறிவிட்டார்கள். என்னை மாதிரி.

எங்க ஊர் மொய்யும் ஒண்ணும் புனிதம் இல்லை. கஜாவுக்குப் பிறகும், 2020-ல் கொரோனாவிலும் விருந்துகள் படுத்துவிட்டன. வரவேண்டிய மொய் வராமல் தவித்த குடும்பம் உண்டு. மொய் செய்யவே வட்டிக்கு வாங்குகிற வீடும் உண்டு. ஆனா, அதில் ஒரு விஷயத்தை நான் கவனிச்சேன். விருந்துக்குக் கூப்பிடுகிறவர்தான் அங்கே கடன்காரர். பந்தியில் நின்று ‘கறி போடு, குழம்பு ஊத்து’ன்னு பார்த்துப் பார்த்துப் பரிமாறுகிறவரும் அவர்தான். மறுநாள் அதே டீக்கடையில் அதே முகத்தைப் பார்க்கணும். ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டு ஓட முடியாது.

நான் மட்டும்தான் ஓடிக்கிட்டு இருந்தேன்.

அந்தப் பொங்கலுக்கு அத்தை வீட்டுக்குப் போனேன். பூக்கட்டிக்கிட்டு இருந்தாங்க. “அத்தை, உங்க மொய் நோட்டை எடுங்க”ன்னேன். “எதுக்குடா?”ன்னு எடுத்தாங்க. “கடைசிப் பக்கத்துல என் பேரை எழுதுங்க. வர வேண்டியது 1,52,000”ன்னேன். சிரிச்சாங்க. “படிக்கிற புள்ளை, உங்கிட்ட ஏதுடா பணம்?” என்றார்கள். நான் கமிஷன் கதையைச் சொன்னேன். அதுவரைக்கும் அவங்களுக்கு அது தெரியாது. சிரிப்பு நின்னுபோச்சு. கொஞ்ச நேரம் பூக்கட்டவே இல்லை. அப்புறம் பேனாவை எடுத்து, என் முகத்தைப் பார்க்காமலே எழுதினாங்க. எங்க அப்பா பெயரைப் போட்டு, ‘மகன்’ என்று போட்டு, ஊர் பெயரையும் போட்டு... நானூத்துச் சொச்சம் பேரை எழுதின மாதிரியே.

திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

மறு வாரம் பொருளாதாரக் குற்றப் பிரிவில் புகார் கொடுத்தோம். ‘யார் மூலமாகச் சேர்ந்தீர்கள்?’ என்ற இடத்தில் என் பெயரை நானே எழுதினேன். வழக்கு நடக்கிறது. பணம் வருமா, எப்போ வரும், தெரியாது. படிப்பு முடிச்சு ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்தேன். மாசாமாசம் கொஞ்சம் கொடுக்கிறேன். முதலில் கொடுத்தது 6,000. இதுவரை 61,000 ஆகியிருக்கு. ஆடி, ஆவணியில் அத்தைக்கு வருகிற பத்திரிகைகளில் பாதியை நான் எடுத்துக்கொண்டு, நானே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டு, மேஜையில் அத்தை பெயரைச் சொல்லி மொய் எழுதிவிட்டு வருகிறேன். விருந்து வைத்ததிலிருந்து ஐந்து வருஷக் கணக்கு 2027-ல்தான் முடியும். போர்? இன்னும் போடலை. பக்கத்துக் காட்டுக்காரரிடம் தண்ணி வாங்கித்தான் பூ விளையுது.

சரி, உங்க விஷயத்துக்கு வருவோம். 2012-ல் ஈமு கோழி என்றார்கள். பிறகு தங்கம் என்றார்கள். ஆருத்ரா கோல்டு டிரேடிங் வழக்கில் மட்டும் சுமார் 1 லட்சம் பேரிடம் 2,438 கோடி ரூபாய் வசூலிக்கப்பட்டது என்பது போலீஸ் சொல்கிற கணக்கு. பெயர் மாறும், ஃப்ளெக்ஸ் மாறும். ஆனால், எல்லாத்துலயும் வீட்டு வாசலுக்கு வந்து கதவைத் தட்டுவது தெரிஞ்ச முகம்தான். மருமகன், சீனியர், டியூஷன் சார். நாளைக்கு அது நீங்களாகவும் இருக்கலாம்.

அதனால், யாராவது ஒரு ஸ்கீமோடு வந்தால் ரெண்டே ரெண்டு கேள்வி கேளுங்க. ‘இதில் உன் சொந்தப் பணம் எவ்வளவு போட்டிருக்கே?’ ‘என்னைச் சேர்த்துவிட்டா உனக்கு எவ்வளவு கிடைக்கும்?’ அமெரிக்காவில் இந்த ரெண்டு கேள்வியைச் சரியான நேரத்தில் சரியான ஆட்களிடம் கேட்டிருந்தால் ‘இன்சைடு ஜாப்’ படமே தேவைப்பட்டிருக்காது. அதற்குமேல் சந்தேகம் இருந்தால், பொதுமக்களிடம் டெபாசிட் வாங்க அந்தக் கம்பெனிக்கு அனுமதி இருக்கா என்று ரிசர்வ் பேங்கின் ‘சசேத்’ இணையதளத்தில் பார்க்கலாம், அங்கேயே புகாரும் செய்யலாம். சீட்டு என்றால், 1982-ம் வருஷச் சிட் ஃபண்டு சட்டப்படி பதிவு செய்திருக்கிறார்களா என்று பாருங்க. ஏற்கெனவே மாட்டியிருந்தால் வெட்கப்பட்டு உட்காராதீங்க. தமிழ்நாட்டில் டெபாசிட்தாரர்களைக் காப்பாற்ற 1997-லிருந்தே தனிச் சட்டம் இருக்கு. அனுமதி இல்லாமல் டெபாசிட் வாங்குவதையே குற்றமாக்கும் மத்தியச் சட்டம் 2019-ல் வந்தது. என்னை மாதிரி ஒரு வருஷத்தைப் பயத்தில் வீணாக்காதீங்க.

உங்க கையில் ஸ்கீம் இருந்து, எதிரே உங்க அத்தை உட்கார்ந்திருந்தால்? அதே ரெண்டு கேள்வியை அவங்க கேட்பதற்கு முன்னால் நீங்களே உங்களைக் கேட்டுக்குங்க. பதில் சொல்ல நாக்கு குழறினால், எழுந்து வந்துடுங்க.

இந்த ஞாயித்துக்கிழமை வடகாட்டில் ஒரு விருந்து. பழைய மொய் 1,000; புது நடை 500. நான்தான் போறேன்.